ஷாந்தனுக்கு இன்னொரு சீசன்

மயில்சாமிக்குப் பொறாமை என்றால் என்னவென்று நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. உடன் வந்தவர்களுக்கெல்லாம் முதலில் கிரீன் கார்டு வந்தபோது அவர்கள் வைத்த பார்ட்டிக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கினார். அவருக்கு ஐந்து வருடம் பின்னால் சேர்ந்தவர் அவருக்கே மேனேஜரானபோது முன்வரிசையில் நின்று கைதட்டினார். அவர் மனைவி அஞ்சனாவுக்குத்தான் அன்றைக்கெல்லாம் ஆறவில்லை.

"உங்களுக்கு ரோஷமே வராதாங்க?" என்று கேட்டாள்.

"அவன் நல்லா பண்ணுவான், விடு" என்றார் மயில்சாமி. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

உடுமலைப்பேட்டைக்காரர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தார். கல்லூரி கிரிக்கெட் அணியில் லெக் ஸ்பின்னர் என்று பெயரளவில் இருந்தார். பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஹூஸ்டனுக்கு வந்து பைப்லைன் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். கேட்டி என்ற புறநகரில் வீடு வாங்கினார். ஒரே மகள் அனன்யா. முப்பத்தாறு வயதுவரை இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது.

அந்த வயதில்தான் பேஸ்பால் வந்தது. அலுவலகத்தில் ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமை அணிக்கு ஆள் குறைகிறது என்று சும்மா நிற்பதற்காக அவரைக் கூட்டிப் போனார். மேசன் ரோடு மியூல்ஸ் என்பது அணியின் பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. முப்பத்தைந்து தாண்டியவர்கள் ஆடும் லீக். டயர் கடை வைத்திருக்கும் ரூபேன்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. சட்டையின் முதுகில் அவர் கடையின் பெயர்தான் இருக்கும். அன்று பந்து வீசுகிறவருக்கு நடு ஆட்டத்தில் தலைசுற்றல் வந்தது. டெக்சாஸ் வெயில் அப்படி. வேறு யாருமில்லாமல் மயில்சாமி கையில் பந்தைத் திணித்தார் ரூபேன். மயில்சாமி தன் பழைய மணிக்கட்டைத் திருப்பி மெதுவாக ஒன்று வீசினார். பந்து தோளுயரத்தில் வந்து, கடைசி நொடியில் படியிறங்குவதுபோல் முழங்காலுக்கு இறங்கியது. மட்டையை வீசியவன் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டான். மைதானமே சிரித்தது. ரூபேன் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொன்னு போடு" என்றார்.

அதன்பிறகு பத்து வருடம் மியூல்ஸின் ஸ்டார்ட்டிங் பிட்சர் மயில்சாமிதான். ஆட்டத்தைத் தொடங்கி, முடிந்தமட்டும் நீண்ட நேரம் வீசுகிறவர் ஸ்டார்ட்டர். மாசுபடாத வெள்ளைப் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். பந்து வீசுகிறவருக்கான மண்மேட்டில் ஏறி நின்றால் மைதானம் முழுக்க அவருக்காகக் காத்திருக்கும். அவர் கை அசையும்வரை ஆட்டம் கிடையாது. அலுவலகத்தில் அவர் பேசத் தொடங்கினால் பாதியில் இன்னொருவர் பேசிவிடுவார். இங்கே அப்படி நடக்காது. அவரை எல்லோரும் சாமி என்றார்கள். எதிரணிக்காரர்கள் "அந்த இந்தியன், ஸ்லோ பால்காரன்" என்பார்கள். லீக் முழுவதிலும் அப்படிச் சொன்னால் அவர் ஒருவர்தான்.

ஷாந்தன் வந்ததும் அது போயிற்று.

ஷாந்தன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஒன்பது வயதில் டொரண்டோ போய், அங்கேயே படித்து வளர்ந்து, மனைவி நிலக்சியின் வேலைக்காக ஹூஸ்டனுக்கு வந்தவன். நாற்பது வயது. நெடுநெடுவென்ற உயரம். சிறுவயதிலிருந்தே பேஸ்பால் ஆடியவன். மார்ச் மாத முதல் பயிற்சியில் அவன் வீசிய முதல் பந்து கேட்சர் கேலபின் கையுறையில் விழுந்த சத்தத்துக்கு, பக்கத்து மைதானத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பந்தெடுக்கக் குனிந்திருந்த மயில்சாமி பந்தை எடுக்காமலேயே நிமிர்ந்தார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று நினைத்துத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சாமி, இவன் உன் தம்பியா?" என்று கேலப் கேட்டான்.

"இல்ல. வேற நாடு" என்றார் மயில்சாமி.

ஷாந்தன் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தான். "அண்ணை, இந்த டீமிலை ஒரு தமிழாள் இருக்கிறியள் எண்டு தெரிஞ்சிருந்தா முந்தியே வந்திருப்பன்."

இரண்டு வாரத்தில் ரூபேன் மயில்சாமியின் தோளில் கை போட்டுத் தள்ளிக் கூட்டிப் போனார். டாக்டர் என்பதால் அதற்குள் ஷாந்தனுக்கு 'டாக்' என்று பெயர் விழுந்திருந்தது. டாக் ஆரம்பிக்கட்டும், கடைசி இரண்டு இன்னிங்ஸை நீ பார்த்துக்கொள் என்றார். அவ்வளவு வேகத்துக்குப் பிறகு உன் மெதுவான பந்து வந்தால் எவனாலும் தொட முடியாது என்று விளக்கினார். அது சரியான யோசனைதான். சரியாக இருந்ததுதான் மயில்சாமிக்கு இன்னும் எரிச்சல். இனிமேல் அவர் கைக்கு வருவது ஏழு இன்னிங்ஸ் அழுக்கேறிய பந்து. பல நாள் அவர் மேட்டுக்கு வரும்போது ஆட்டத்தின் முடிவே தெரிந்திருக்கும். ஆட்கள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஷாந்தனையும் நிலக்சியையும் அஞ்சனா சாப்பிடக் கூப்பிட்டாள். மயில்சாமியைக் கேட்டுத்தான் கூப்பிட்டாள். வேண்டாம் என்பதற்கு அவரிடம் காரணம் இல்லை. ஷாந்தன் கூச்சமில்லாமல் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான். அனன்யாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பாவின் ஆட்டத்துக்கு வந்தால் போனைப் பார்த்தபடி நிழலில் உட்கார்ந்திருப்பவள், ஷாந்தன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஃபாஸ்ட்பாலுக்கு விரலை எங்கே வைப்பது என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தை வைத்து அவன் காட்டினான்.

"அப்பா, ஹீ த்ரோஸ் எய்ட்டி மைல்ஸ் அன் அவர்! யூ நோ தட்?"

"தெரியும்மா" என்றார் மயில்சாமி. அவருடைய வேகத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லும்படியாக இல்லை.

அவர்கள் போனபிறகு அஞ்சனா பாத்திரங்களை எடுத்துவைத்தபடி, "எவ்ளோ அழகா தமிழ் பேசறார், கேட்டீங்களா? கேட்டுட்டே இருக்கலாம் போல இருக்கு" என்றாள்.

"நான் இருபது வருஷமா பேசறது என்ன பாஷையாமா?"

அஞ்சனா திரும்பிப் பார்த்தாள். அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பொறாமை ஒரு வேலையைப் போல அவர் நாட்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. லீக் வெப்சைட்டில் ஷாந்தனின் புள்ளிவிவரத்தை மீட்டிங் நடுவில் திறந்து பார்த்தார். அது நல்லதாக இருந்தால் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஷாந்தன் வீசும்போது, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டில் எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டக் கற்றுக்கொண்டார். சத்தமாகத் தட்டுகிறவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அவன் வரிசையாகத் தப்பான பந்துகள் போட்டு, அடிக்காமலேயே எதிராளியை முதல் பேஸுக்கு நடக்கவிட்டால், "பரவால்ல, பரவால்ல" என்று கத்துவார். உள்ளே ஐஸ் வைத்தாற்போல் குளிரும். வீடு திரும்பும்போது காரில் தன்மேலேயே வெறுப்பு வரும். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே.

ஷாந்தனின் முதல் வருடம் மியூல்ஸ் கோப்பை வாங்கினார்கள். இரண்டாவது வருடமும் கோடைவரை அவனை யாரும் தொடவில்லை. செப்டம்பரில் என்னவோ ஆயிற்று. அடிக்க ஆரம்பித்தார்கள். அக்டோபரில் ஒரு ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்காமல் வெளியே வந்தான். வெயில் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்றார்கள். தேய்ந்துவிட்டான், வேகத்தை நம்புகிறவன் கதை இப்படித்தான் முடியும் என்றான் கேலப்.

காரணம் மயில்சாமிக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக அந்த மனிதனை அவரளவுக்கு யாரும் உற்றுப் பார்த்ததில்லை. ஷாந்தனின் கை முன்பைவிடத் தாழ்ந்து வருவதைக் கண்டார். இன்னிங்ஸ் முடிந்து வந்தால் தண்ணீர் பாட்டிலை இடது கையால் எடுப்பதைக் கண்டார். தொப்பியைச் சரிசெய்யக்கூட வலது கையைத் தூக்காமல் தலையைக் குனிந்துகொள்வதைக் கண்டார். தோள் போய்க்கொண்டிருக்கிறது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில், சீசன் முடிந்தபிறகு, ரூபேனின் டயர் கடையில் பழைய ஆட்கள் நாலைந்து பேர் கூடினார்கள். அடுத்த சீசனுக்கு யார் யார் என்று லீக்குக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இல்லாதவர்களை வேறு அணிகள் எடுத்துக்கொள்ளலாம். ஷுகர் லேண்ட் அணி ஷாந்தனை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது.

கேலப் பேச்சை வளர்க்கவில்லை. "போகட்டும். முப்பத்தேழு வயசில் ஒருத்தன் நம்ம டீமுக்கு வர்றேன்னு கேட்டுக்கிட்டிருக்கான், நல்லா வீசறான்."

"கோப்பை வாங்கிக் கொடுத்தவன்" என்றார் ரூபேன். "ரெண்டு மாசம் மோசமா வீசினதுக்காக வெளியே அனுப்பறதா?"

"போன வருஷக் கோப்பை அடுத்த வருஷம் பந்து போடுமா?"

ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். வைக்கவேண்டும் என்று பாதி, வேண்டாம் என்று பாதி. கடைசியில் ரூபேன் மயில்சாமியைப் பார்த்தார். "சாமி, நீயும் பிட்சர். நீ சொல்லு."

வேண்டாம் என்று சொல்லத்தான் மயில்சாமி வந்திருந்தார். காரில் ஆங்கிலத்தில் சொல்லியும் பார்த்திருந்தார். வாயைத் திறக்கும்போது ஒரு காட்சி குறுக்கே வந்தது: ஷாந்தன் ஷுகர் லேண்ட் சட்டை போட்டு நிற்கிறான், ஓய்வெடுத்துத் தோள் சரியாகிவிட்டது, எதிரே மட்டையோடு மயில்சாமி, பின்னால் உட்கார்ந்து அனன்யா பார்க்கிறாள். அதைத் தாங்க முடியாது. அதன் பின்னாலேயே இன்னொரு காட்சி வந்தது. ஷாந்தன் இங்கேயே இருக்கிறான். மார்ச்சில் மேட்டில் ஏறுகிறான். தோள் ஒத்துழைக்கவில்லை. அவன் முடிந்துவிட்டான் என்பதை எல்லோரும் அவரவர் கண்ணால் பார்க்கிறார்கள்.

"வெச்சுக்கலாம்" என்றார் மயில்சாமி. "இன்னும் ஒரு சீசன். ஸ்டார்ட்டராவே."

அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அந்த இடம் யாரிடமிருந்து போனதென்று. கேலப் எழுந்து வந்து அவர் முதுகில் தட்டினான். ரூபேன் கண்கள் கலங்கினாற்போல் இருந்தன. "நீ பெரிய மனுஷன், சாமி" என்றார்.

இரவுக்குள் சேதி அஞ்சனாவுக்கு எட்டிவிட்டது. "நான்கூட உங்களுக்கு அவர்மேல ஏதோ இருக்குன்னு நெனச்சேன். சாரிங்க" என்று சொல்லித் தட்டில் இன்னொரு தோசை போட்டாள். அதை அவர் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிரச் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஷாந்தன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கேக் பெட்டி. சோபாவின் நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணை, நீங்கள்தான் எனக்காகக் கதைச்சனீங்களாம். ரூபேன் சொன்னவர்."

"அட, அதுல என்னப்பா இருக்கு."

"இல்லை அண்ணை. உண்மையைச் சொன்னா, நீங்கள் எல்லாரும் என்னை விட்டுடுவியள் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்." "அப்பிடி விட்டிருந்தா லேசா இருந்திருக்கும். தோள் சரியில்லை. ஸ்கானிலை தசைநார் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. நானா நிப்பாட்ட மனம் வரேல்லை. ஆரும் போ எண்டு சொன்னாப் போயிடலாம் எண்டிருந்தன். இப்ப நீங்கள் இவ்வளவு நம்பி வச்சிருக்கேக்கை எப்பிடி வரமாட்டன் எண்டு சொல்லுறது?"

அஞ்சனா சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "ஷாந்தன், நீங்களே டாக்டர். வலியோட ஆடாதேன்னு மத்தவங்களுக்குச் சொல்றவர். ரூபேன்கிட்ட சொல்லிட்டு ரெஸ்ட் எடுங்க."

ஷாந்தன் மயில்சாமியைத்தான் பார்த்தான். "நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை? உங்கட பந்தெண்டா அறுபது வயசு மட்டும் எறியலாம். உங்களைப் பார்த்தா எனக்குச் சில நேரம் எரியும், தெரியுமோ?"

அவன் மனதாரச் சொன்ன வார்த்தை அது. மயில்சாமியின் காதில், கிழவனும் வீசக்கூடிய பந்து என்று விழுந்தது. வேண்டாம்ப்பா, நிறுத்திக்கோ என்று ஒரு வரி சொன்னால் போதும். அது நாக்கின் நுனியில்தான் இருந்தது.

"ஒரு சீசன்தானே" என்றார். "பாத்து மெதுவா வீசு."

ஷாந்தன் தலையாட்டினான். அஞ்சனா கணவரை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச்சில் சீசன் தொடங்கியது. முதல் இரண்டு ஆட்டங்களை ஷாந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பேற்றினான். பயிற்சி நாட்களில் அவன் ஓரமாக நின்று தோளுக்கு ஐஸ் கட்டிக்கொள்வதைப் பார்த்து, இப்போதாவது சொல்லிவிடலாம் என்று மயில்சாமி இரண்டொரு தடவை அருகில் போனார். போனால் அங்கே கேலபோ வேறு யாராவதோ "டாக், டாக்" என்று அவனிடம் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். திரும்பிவிடுவார்.

மூன்றாவது ஆட்டம் ஷுகர் லேண்டோடு. ஹூஸ்டனின் ரோடியோ திருவிழா முடிந்த வாரம். வெயில் இன்னும் ஏறவில்லை, நல்ல காற்று. அஞ்சனாவும் அனன்யாவும் வந்திருந்தார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் ஷாந்தன் ஒரு பந்தை வீசினான். அது கேட்சர்வரை போகவே இல்லை. பாதி வழியில் தரையில் விழுந்து உருண்டது. ஷாந்தன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டிலேயே மண்டியிட்டான். சத்தம் ஒன்றும் போடவில்லை. தொப்பி மட்டும் கழன்று விழுந்தது.

மயில்சாமி நான்கு மாதமாக மனதில் ஓட்டிப் பார்த்த காட்சி. அதில் அவன் முகம் இப்படி இருந்ததில்லை. இரத்தமெல்லாம் வடிந்து, சுண்ணாம்பு போல் இருந்தது. எல்லோரும் ஓடினார்கள். மயில்சாமியும் ஓடினார். அவனைத் தாங்கி வெளியே கூட்டிப் போனபின் ரூபேன் தரையில் கிடந்த பந்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"சாமி. உன்னோடது."

அன்று அவர் வீசியதுபோல் அதற்கு முன்னும் வீசியதில்லை, பின்னும் வீசியதில்லை. கை தானாக வேலை செய்தது. பந்து காற்றில் தொங்கி, யோசித்து, அதன்பிறகு விழுந்தது. ஷுகர் லேண்டின் பெரிய பெரிய ஆட்கள் வெற்றுக் காற்றை வெட்டிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள். கடைசி இன்னிங்ஸ்வரை ஒருவரும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. கடைசி ஆள் அவுட்டானதும் கேலப் ஓடிவந்து அவரைத் தூக்கிவிட்டான். தூக்கிய உயரத்திலிருந்து மயில்சாமி மரத்தடி நாற்காலிகளைப் பார்த்தார். அஞ்சனாவின் நாற்காலியும் அனன்யாவின் நாற்காலியும் காலியாக இருந்தன.

போன் செய்தார்.

"நாங்க எமர்ஜென்சில இருக்கோம்" என்றாள் அஞ்சனா. "நிலக்சி டல்லாஸ் போயிருக்காங்களாம். அதான் நானும் அனன்யாவும் ஷாந்தனைக் கூட்டிட்டு வந்துட்டோம். பாவம், வலி தாங்க முடியல. நீங்க எப்ப வருவீங்க?"

"கடைசிவரைக்கும் நான்தான் வீசினேன்" என்றார். "ஒரு ரன் குடுக்கல."

"அப்படியா? சரி, சரி, இருங்க, நர்ஸ் கூப்பிடறாங்க."

மயில்சாமி காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் விழுந்ததைக்கூட அவர் வீட்டார் அவருடைய வெற்றியைவிட ஆசையாகப் பார்த்தார்கள் என்று ஓர் எண்ணம் வந்தது. அந்த எண்ணத்தைக் கண்டு அவருக்கே திக்கென்றது. அவனைத் தள்ளியது தன் கை என்பதை அதுவரை அவர் நினைக்கவேயில்லை. வண்டியை எடுத்துக் கிராண்ட் பார்க்வே நெடுஞ்சாலையில் ஏறினார். கழுத்தில் வியர்வை காய்ந்து உப்பாகியிருந்தது.

கட்டில் தலைப்பக்கம் உயர்த்தியிருக்க, ஷாந்தன் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுச் சாய்ந்திருந்தான். அனன்யா அவன் போனிலிருந்து நிலக்சிக்கு மெசேஜ் அடித்துக்கொண்டிருந்தாள். மயில்சாமி மண் அப்பிய சட்டையோடு வாசலில் தயங்கினார்.

"என்னண்ணை, வெண்டதோ?" என்றான் ஷாந்தன்.

"ஜெயிச்சிட்டோம்."

"நீங்களோ கடைசி மட்டும் எறிஞ்சனீங்கள்? அந்த நாலாவதா வாற இடக்கைக்காரன், அவனுக்கு என்ன போட்டனீங்கள்?"

மயில்சாமி நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல வெளிய ஒண்ணு. அவன் தொடல. அப்புறம் அதே எடத்துலதான், ஆனா இன்னும் ஸ்லோவா."

"இன்னும் மெதுவாவோ? அவன் முன்னுக்கு விழுந்திருப்பானே!"

"விழுந்தான்."

ஷாந்தன் சிரித்து, வலியில் முகத்தைச் சுளித்து, மறுபடியும் சிரித்தான். அடுத்த ஆளைக் கேட்டான். அதற்கடுத்த ஆளைக் கேட்டான். அந்த ஆட்டத்தைப் பந்து பந்தாகக் கேட்க ஆசைப்பட்டவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். மயில்சாமி சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார்.

"ஷாந்தன், உன் தோளு... எனக்கு அப்பவே..."

"தெரியும் அண்ணை. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தனீங்கள். வேற ஒருத்தரும் அப்பிடிப் பார்க்கேல்லை." அவன் குரலில் கோபம் இருந்ததா என்று மயில்சாமிக்குப் பிடிபடவில்லை. "நானும் சொல்லாமல்தானே எறிஞ்சனான். சரி, ஆறாவது இன்னிங்ஸைச் சொல்லுங்கோ."

அஞ்சனா சுவரோரம் நின்றிருந்தாள். இரண்டு பேரும் பேசியதை அவள் கேட்டாள். வீட்டுக்குப் போனபிறகும் மயில்சாமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பழையபடி பேச ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

ஷாந்தனுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குக் கை திரும்பிவிட்டது. பந்து வீசுவது மட்டும் இனி இல்லை. மியூல்ஸுக்கு மறுபடியும் மயில்சாமிதான் ஸ்டார்ட்டர். புதுப் பந்து அவர் கைக்கு வருகிறது. அந்த ஒரு நாள் போல் அல்ல. சில ஞாயிறு ஜெயிக்கிறார்கள், சில ஞாயிறு தோற்கிறார்கள்.

ஷாந்தன் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை. மரத்தடியில் அனன்யாவுக்கு ஸ்கோர் எழுதச் சொல்லித் தருகிறான். ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, மயில்சாமி மேட்டில் நின்று பந்தை விரலில் பொருத்திக்கொண்டிருந்தபோது, அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அனன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அஞ்சனாவும் சிரித்தாள். அவன் என்ன சொல்லியிருப்பான்? பந்து கையை விட்டுப் போகும்போது மயில்சாமியின் பார்வை அந்தப் பக்கம்தான் இருந்தது. மட்டையில் பட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. பந்து வேலியைத் தாண்டிப் பார்க்கிங் லாட்டில் எங்கோ விழுந்தது.

"அண்ணை!" என்று மரத்தடியிலிருந்து ஷாந்தன் கத்தினான். "இஞ்சால பாக்காதையுங்கோ! அங்கால பாருங்கோ!"

மயில்சாமி ரூபேனிடம் கை நீட்டி வேறு பந்து கேட்டார்.